அரைநூலின் மிலிட்டரி லாரி

நகராட்சியின் குப்பை லாரிகளைப் பழுதுபார்க்கும் ஷெட்டில் அவருக்கு அரைநூல் என்று பெயர். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். அதில் பாதி தப்பியிருந்தாலும் மாட்டிய போல்ட்டைக் கழற்றச் சொல்வார் என்பதால் வந்த பெயர். குப்பை அள்ளுகிற லாரிக்கு எதற்கு இத்தனை துல்லியம் என்று கேட்டவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான்: “குப்பைக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே!” பள்ளிக்கூடம் அவரை எட்டாவதோடு அனுப்பிவிட்டது. மற்றதையெல்லாம் பழுதுபார்க்கும் புத்தகங்களில் படம் பார்த்தும், படம் தப்பு என்று கண்டுபிடித்தும், ஓரத்தில் பென்சிலால் திருத்தி எழுதியும் அவரே கற்றுக்கொண்டார்.

வீட்டில் அவருக்கு வேறு பெயர். மாமனார் அவரை “மெக்கானிக்கு” என்பார். மெக்கானிக்கை மெக்கானிக் என்று அழைப்பதில் தவறில்லைதான். ஆனால் கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் ஒருநாள்கூட “மாப்ளே” என்ற சொல் அந்த வாயிலிருந்து வரவில்லை. பெண் பார்க்க வந்த அன்று அவருடைய நகக்கண்ணில் கிரீஸ் இருந்ததை மாமனார் பார்த்துவிட்டார். அன்றே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. மேல்முறையீட்டுக்கு வழியில்லை.

மாமனாருக்கு எண்பத்துமூன்று வயது. வாசலை ஒட்டிய அறை அவருடையது. அவர் முன்னாள் ராணுவவீரர். இதை அவரிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை. பால் போட வருகிறவருக்கும் மின்கணக்கு எடுக்க வருகிறவருக்கும் தானாகவே தெரிந்துவிடும். இருநூறு அடி தூரத்தில் எதிரி, தலைக்கு மேலே குண்டு, பக்கத்தில் நின்றவன் அடுத்த நிமிஷம் இல்லை. அந்த இருநூறு அடி, கேட்பவரின் பொறுமையைப் பொறுத்து எழுபது அடி வரைக்கும் குறையும். எந்தப் படைப்பிரிவு என்று யாராவது கேட்டால் மட்டும், “அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாது” என்று கதவைச் சாத்திவிடுவார்.

இன்னொன்றும் உண்டு. தன் துணியை அவர் யாரையும் தொடவிடமாட்டார். எண்பத்துமூன்று வயதிலும் தன் வெள்ளைச் சட்டையைத் தானே துவைத்து, உதறி, கொடியில் இரண்டு கிளிப்புக்கும் நடுவே சரியாக ஒரு சாண் விட்டு உலர்த்துவார். மிலிட்டரி ஒழுங்கு என்று வீடே பெருமைப்பட்டது. மகள் வாங்கிவைத்த வாஷிங் மெஷினைப் பார்த்து, “இதுல துணி சுத்தும். துவையாது” என்று ஒரே வரியில் அதன் கதையை முடித்துவிட்டார்.

ஒரு கியர்பாக்ஸைத் தேடிப் பழைய இரும்புக்கடைக்குப் போனபோதுதான் அரைநூல் அந்த லாரியைக் கண்டார். கண்டார் என்பதுகூட அதிகம். கடையின் பின்சுவர் பாதியில் நின்றுபோய், மீதிச் சுவருக்குப் பதிலாக ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. மேலே கொடி படர்ந்து, நான்கு சக்கரமும் அச்சுவரை மண்ணில் புதைந்து, முன்கண்ணாடி இருந்த இடத்தில் ஒரு கோழி உட்கார்ந்து அவரை அலட்சியமாகப் பார்த்தது.

“மிலிட்டரி வண்டிண்ணே. சண்டையில ஓடுனது” என்றார் கடைக்காரர். “பின்னாடி பாருங்க. பீரங்கிக் குண்டு வைக்கிற டிரம்மே இருக்கு.”

அரைநூல் ஏறிப் பார்த்தார். பின்பக்கம் மூன்றடி விட்டத்தில், உடம்பெல்லாம் சின்னச் சின்னத் துளையுள்ள ஒரு டிரம். பக்கத்தில் ஒரு பாய்லர். கொஞ்சம் குழாய்.

“குண்டு வைக்கிற டிரம்ல எதுக்குப்பா இத்தனை ஓட்டை?”

“காத்தாட வேணாமாண்ணே?”

“பாய்லர்?”

கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். “சண்டை போட்டா பசிக்குமில்ல?”

அந்த வண்டி அவருக்கு எவ்வளவுக்குக் கிடைத்தது என்பதைப் பற்றி இங்கே பேச வேண்டாம். மனைவி ஏற்கெனவே போதுமான அளவு பேசிவிட்டாள். ஏன் வாங்கினார் என்பதுதான் விஷயம். ஒன்று, இப்படி ஒரு சேஸிஸ் இனி யாரும் செய்யப்போவதில்லை. இரண்டாவது காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மிலிட்டரி லாரி ஒன்றைத் தன் கையால் ஓடவைத்து, அதில் மாமனாரை உட்காரவைத்துத் தெருவைச் சுற்றிவந்தால், இறங்கும்போதாவது அந்த மனிதர் “நல்லா பண்ணிருக்கீங்க மாப்ளே” என்று சொல்லமாட்டாரா? ஐம்பத்தொன்பது வயதில், அடுத்த வருஷம் ஓய்வுபெறப்போகிற ஒருவர் ஒற்றைச் சொல்லுக்காக நான்கு டன் இரும்பை வீட்டுக்கு இழுத்து வந்தார் என்றால் சிரிப்பார்கள். அதனால்தான் சொல்லவில்லை.

கிரேனில் தொங்கியபடி லாரி வீட்டின் பின்முற்றத்துக்கு வந்து சேர்ந்தது. மாமனார் ஊன்றுகோலோடு வந்து அதை ஒரு சுற்றுச் சுற்றினார். டிரம்முக்கு எதிரே வந்தபோது நின்றார். வெகுநேரம் நின்றார். முகம் ஒரு மாதிரி ஆனது.

“என்னப்பா, பழசெல்லாம் ஞாபகம் வருதா?” என்று மகள் கேட்டாள்.

“ம்” என்றார். பிறகு சுதாரித்துக்கொண்டு, பக்கவாட்டுத் தகட்டில் வரிசையாக இருந்த எட்டுத் துளைகளைக் கோலால் தட்டினார். “பாத்தியா? மெஷின்கன். தடதடன்னு வந்தது. இந்த எட்டும் என் மேல வந்திருக்க வேண்டியது.”

“அப்ப இதே வண்டியா மாமா?” என்றார் அரைநூல்.

“இதே மாதிரி வண்டி. எல்லாத்தையும் வெளிய சொல்லக்கூடாது.”

அன்று சாயங்காலத்துக்குள் செய்தி முன்னாள் படைவீரர் சங்கத்துக்குப் போய்விட்டது. கொண்டுபோனவர் மாமனார்தான். மறுநாளே சங்கச் செயலாளர் வந்தார். குண்டு துளைத்த லாரியைத் தொட்டுப் பார்த்து, கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, அந்த வருஷம் சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு விழா என்றும், ஊர்வலத்தில் முதல் வண்டி இதுதான் என்றும், முன்னிருக்கையில் மாமனார் என்றும் அறிவித்தார். தலைமை விருந்தினராக ஓய்வுபெற்ற தளபதி ஒருவர் வருகிறாராம்.

“அஞ்சு மாசம் இருக்கு. பச்சை பெயின்ட் அடிச்சா போதாதா?” என்றார் செயலாளர்.

“பெயின்ட் அடிச்சா வண்டி ஓடாதுங்க” என்றார் அரைநூல்.

“தள்ளிக்கிட்டுப் போயிரலாமே.”

அரைநூல் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் போய்விட்டார். சில கேள்விகளுக்கு மரியாதையான பதில் கிடையாது.

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. பிளக்குகளைக் கழற்றி, ஆறு சிலிண்டரிலும் டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி, தினமும் காலையில் கிராங்கில் கம்பியை மாட்டி ஒரு தரம் அழுத்திப் பார்ப்பார். அழுத்துவார், அடிக்கமாட்டார். பதினோராம் நாள் அது அரைநூல் அளவு நகர்ந்தது. அன்று அந்தச் செய்தியை வீட்டில் எல்லோருக்கும் சொன்னார். எல்லோரும் என்றால் மனைவி. அவள் “அப்படியா” என்றாள். பிறகு பிரேக் சிலிண்டர்கள், தண்ணீர் பம்ப், எலி தின்ற ஒயர்கள். பழைய புத்தகக் கடையில் அந்த வண்டியின் ராணுவக் கையேடு கிடைத்தது. முதல் முப்பது பக்கமும் அட்டையும் இல்லை. மீதியை அவர் மனப்பாடம் செய்தார். எந்த போல்ட் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்றுகூட அதில் இருந்தது. ஆயுசில் முதன்முறையாகத் தன்னைவிடப் பிடிவாதமான ஓர் ஆளைக் காகிதத்தில் சந்தித்துவிட்ட சந்தோஷம் அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஷெட்டிலிருந்து வெல்டர் வருவார். இருபது வருஷமாகக் கூட வேலை செய்கிறவர், வாய் சும்மா இருக்காது.

“அண்ணே, இந்த எட்டு ஓட்டையையும் அடைச்சிரலாமா?”

“அது குண்டு துளைச்சது. அப்படியே இருக்கட்டும்னு சங்கத்துல சொல்லிட்டாங்க.”

சொன்னாரே தவிர அரைநூலுக்கு அரிப்பு தாங்கவில்லை. வெர்னியர் அளவுகோலை எடுத்துத் துளைகளை அளந்தார். எட்டும் ஒரே விட்டம். ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி. கயிறு பிடித்ததுபோல ஒரே கோட்டில் இருந்தன. உள்பக்கம் துளையைச் சுற்றி வாஷர் உட்கார்ந்த வட்டத் தடம்.

“எதிரி நல்ல வேலைக்காரன்ணே” என்றார் வெல்டர். “டேப் வச்சு அளந்து, சென்டர் பஞ்ச் போட்டு சுட்டிருக்கான்.”

“வாய மூடு.”

“சுட்டுட்டு வந்து வாஷரும் போட்டுட்டுப் போயிருக்கான். எவ்ளோ பொறுப்பு!”

மறுவாரம் அந்தத் தகட்டைத் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்தார்கள். மேலே பச்சை, அதற்கடியில் யாரோ அடித்த மஞ்சள், அதற்கும் அடியில் பழைய ராணுவப் பச்சை. அந்தப் பச்சையின் மேல் வெள்ளையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. அரைநூல் தேய்த்துக்கொண்டே போனார். முழு வரியும் தெரிந்தபோது கையில் தாளோடு அப்படியே நின்றுவிட்டார்.

‘நடமாடும் சலவைப் பிரிவு – 4.’

வெல்டர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு டிரம்மைப் பார்த்தார். பாய்லரைப் பார்த்தார். எட்டுத் துளையையும், அதற்கு நேர்கீழே மடக்கி வைத்திருந்த நீளமான இஸ்திரிப் பலகையின் இரும்புச் சட்டத்தையும் பார்த்தார். அந்தச் சட்டத்திலும் எட்டுத் துளை. பார்த்து முடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“சிரிக்காதே. மாமா உள்ள தூங்குறார்.”

“அண்ணே… பீரங்கிக் குண்டுண்ணே…”

“மாமாவுக்கு வண்டி தெரியாம போயிருக்கலாம்டா. பழசு. அவர் இருந்தது வேற பிரிவா இருக்கும்.”

இதை அவர் நம்பித்தான் சொன்னார். அளந்து பார்க்காத எதைப் பற்றியும் அவர் முடிவுக்கு வருவதில்லை.

முடிவு தானாகவே வந்தது. ஒரு மத்தியானம் பாய்லரின் நீராவி வால்வைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டி, திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அழுத்தம் கொடுத்துப் பாய்லரைச் சோதித்தாகிவிட்டது. மாமனார் சற்றுத் தள்ளி நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அரைநூல் வால்வை இடப்பக்கம் திருப்பப் போனார்.

“இடப்பக்கம் திருப்பாதே! வலப்பக்கக் குழாயத் திறந்துட்டுத் திருப்பு. இல்லன்னா கை வெந்துடும்!”

வால்வு கிரீச்சிட்ட சத்தத்தை வைத்தே, கண்ணைத் திறக்காமல் சொன்னார். சொல்லிவிட்டுத் திறந்தார். அவருடைய இடது முழங்கைக்குக் கீழே, எதிரியின் வெடிகுண்டுச் சிதறல் என்று வீட்டில் எல்லோரும் அறிந்த தழும்பு, சட்டைக் கைக்கு வெளியே தெரிந்தது. அகலமாக, வழவழப்பாக, வெந்து ஆறிய தழும்பு. மாமனார் சட்டைக் கையை மெல்ல இழுத்துவிட்டுக்கொண்டார்.

“சமையல் பாய்லரும் இப்படித்தான் இருக்கும்” என்றார்.

“ஆமா மாமா” என்றார் அரைநூல்.

விஷயம் அறிந்ததும் வெல்டருக்குத் தலைகால் புரியவில்லை. “அண்ணே, முப்பத்தொரு வருஷமா மெக்கானிக்கு மெக்கானிக்குன்னு உங்கள மட்டம் தட்டுன மனுஷன். சட்டை துவைச்சுட்டு வந்து சண்டை போட்டேன்னு காதுல பூ சுத்தியிருக்காரு. சபையில வச்சு ஒரே ஒரு வார்த்தை கேளுங்க. அப்புறம் பாருங்க, மாப்ள என்ன, மாப்ள சார்னே கூப்பிடுவாரு.”

அரைநூலுக்கும் ஆசை இல்லாமலில்லை. பல் தேய்க்கும்போது இரண்டு மூன்று தடவை அந்த ஒரு வார்த்தையைக் கேட்டும் பார்த்தார், கண்ணாடியிடம். பிறகு தலையை ஆட்டினார்.

“சுத்தியால அடிச்சு ஏத்துன பேரிங் எத்தனை நாளைக்குடா நிக்கும்? அதுவா உக்காரணும்.”

“அப்ப எழுத்த அழிச்சிருவோம். வெறும் பச்சை.”

“எப்படிடா அழிக்கிறது? வண்டியில இருந்த எழுத்து.”

இதுதான் அரைநூல். போல்ட்டின் தலை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று ஒரு வாரம் யோசித்த மனிதர், வண்டியின் பெயரை விழுங்கிவிட முடியாது. மாமனாரைக் காட்டிக்கொடுக்கவும் மனசில்லை, லாரியைப் பற்றிப் பொய் சொல்லவும் மனசில்லை. விழாவுக்கு இன்னும் ஒன்பது நாள். பழைய எழுத்தின் உயரத்தை அளந்து, தாளில் வெட்டி, அதே வெள்ளையில் அதே இடத்தில் எழுதினார்.

அது காய்வதற்குள் மாமனார் வந்து பார்த்துவிட்டார். படித்தார். எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்று எதிர்பார்த்த முகம் சட்டென்று சுருங்கி, சின்னதாகிவிட்டது.

“விழாவுக்கு நான் வரல. முட்டி வலி” என்றார்.

அரைநூல் கையேட்டை எடுத்துவந்து அவர் முன்னால் விரித்தார். “மாமா, நாப்பத்தோராவது பக்கம். அணிவகுப்பில் போகும்போது பக்கத் தார்ப்பாயை முழுதாக இறக்கி, பன்னிரண்டு வளையத்திலும் கட்ட வேண்டும். விதி. நான் ஒண்ணும் பண்ண முடியாது.” சொல்லிவிட்டுத் தார்ப்பாயை இறக்கினார். எழுத்து, எட்டுத் துளை, டிரம், பாய்லர் எல்லாம் உள்ளே போய்விட்டன. வெளியே இருந்து பார்த்தால் எந்தப் போருக்கு வேண்டுமானாலும் போய்வந்த லாரி.

மாமனார் தார்ப்பாயை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். பிறகு குனிந்து ஒரு கயிற்றைப் பிடித்துப் பார்த்தார்.

“முடிச்சு தப்பு மெக்கானிக்கு” என்றார். பன்னிரண்டையும் அவிழ்த்து அவரே திரும்பக் கட்டினார்.

விழாவன்று காலை கையேட்டின்படி எல்லாம் நடந்தது. பாய்லரில் தண்ணீர் முக்கால் அளவு. பர்னருக்கு மண்ணெண்ணெய். கிரீஸ் ஏற்றுகிற இருபத்தேழு நிப்பிள் முனைக்கும் கிரீஸ் பம்பில் தலா மூன்று அழுத்து. பின்பக்கம் மடங்கி விரியும் படியின் கீலிலும் ஒரு நிப்பிள் உண்டு. மற்ற யாராக இருந்தாலும் அதை விட்டிருப்பார்கள். அரைநூல் அதற்கும் மூன்று அழுத்து கொடுத்தார். மூன்றாவது அழுத்தில் கிரீஸ் வெளியே பிதுங்கியது. பிதுங்கினால்தான் உள்ளே போயிற்று என்று அர்த்தம். கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது. துடைக்க வேண்டும் என்று இல்லை.

லாரி ஓடியது. ஆறு சிலிண்டரும் ஒன்றுபோலத் துடிக்க, தெருவில் இரண்டு பக்கமும் ஆட்கள் கைதட்ட, முன்னிருக்கையில் மாமனார் நெஞ்சை நிமிர்த்தி சல்யூட் அடித்தபடி வந்தார். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. ஸ்டியரிங்கில் அரைநூல். நான்கு தெரு கடந்தும் பக்கத்திலிருந்து அந்த ஒரு சொல் வரவில்லை. “ரெண்டாவது கியர்ல முனகுது மெக்கானிக்கு” என்று ஒருமுறை வந்தது.

மைதானத்தில் லாரியை மேடைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். தளபதி வந்தார். பளீரென்ற வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், மார்பில் பதக்கங்கள். பேச்சு தொடங்குமுன் லாரியோடு ஒரு புகைப்படம் எடுக்கலாம் என்றார் செயலாளர். தளபதி பெருந்தன்மையாகப் பின்படியில் உட்கார்ந்து, ஒரு காலை மடக்கி, தூரத்தில் ஏதோ எதிரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். படம் எடுத்தார்கள். தளபதி எழுந்தார்.

செயலாளரின் வாய் திறந்து, திறந்தபடியே நின்றது. வெள்ளைப் பேண்ட்டின் உட்காரும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக கிரீஸ். இருபத்தேழாவது நிப்பிள்.

“இன்னும் இருபது நிமிஷத்துல ஐயா மேடையில ஏறணும்” என்று செயலாளர் அழாத குறையாகச் சொன்னார். “ஏறிட்டுத் திரும்பி வேற நிக்கணும், கொடி ஏத்தறதுக்கு!” யாரோ ஈரத்துணியோடு ஓடிவந்தார்கள்.

“தண்ணிய வைக்காதே!”

அதட்டல் முன்னிருக்கையிலிருந்து வந்தது. மாமனார் இறங்கி, கோலை மறந்துவிட்டு, தளபதிக்குப் பின்னால் வந்து குனிந்து கறையைப் பார்த்தார். தொட்டு, விரலில் தேய்த்து முகர்ந்தார்.

“புது கிரீஸ். நூல்ல இறங்கல. ஐயா, உள்ள ஏறி பேண்ட்ட கழட்டுங்க.”

“என்னது?” என்றார் தளபதி.

“கழட்டுங்கன்னேன்!”

ஓய்வுபெற்ற பிறகு தளபதிக்கு யாரும் ஆணையிட்டதில்லை. பழைய பழக்கம் விடவில்லை, ஏறிக் கழற்றினார். தார்ப்பாய் இறங்கியிருந்ததால் மானம் பிழைத்தது. மாமனார் செயலாளர் பக்கம் திரும்பினார். “நீ போய் பேசு. நான் சொல்றவரைக்கும் நிறுத்தாதே.” இந்த வேலைக்கு அவரைவிடத் தகுதியான ஆள் அந்த ஊரில் இல்லை. சந்தோஷமாகப் போனார்.

உள்ளே அரைநூல் பர்னரைப் பற்றவைத்தார். அந்தக் கிழவரின் கை அப்படி ஓடும் என்று அவர் நினைத்ததே இல்லை. கறைக்கு அடியில் மடித்த துணி, மேலே பெட்ரோல் தொட்ட துணி. ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி ஒற்றி எடுத்தார். தேய்க்கவில்லை. ஒவ்வொரு ஒற்றலுக்கும் துணியைத் திருப்பினார். பிறகு சோப்பு. பாய்லரின் முள் அசைந்தது. வெந்நீர் வந்தது.

“டிரம்ல போட்டு சுத்தணும். எஞ்சின்!”

அரைநூல் முன்னால் ஓடி, எஞ்சின் சுழற்சியை டிரம்முக்குத் திருப்பும் கியரைப் போட்டார். துளை போட்ட டிரம் சுற்றத் தொடங்கியது. தண்ணீர் துளை வழியே பறந்து வெளியேறியது. காத்தாட வைத்த குண்டு.

“போதும்! நீராவி வேணும். மாப்ளே, வால்வத் திறங்க! கால் சுத்து!”

அரைநூல் கியர்க் கம்பியில் கையை வைத்தபடி உறைந்துபோனார்.

“என்ன மாப்ளே, காது கேக்கலையா? வலப்பக்கக் குழாயத் திறந்துட்டுத் திருப்புங்க, கை வெந்துடும்!”

முப்பத்தொரு வருஷம் காத்திருந்த சொல், வால்வுக்கும் குழாய்க்கும் நடுவில் இரண்டு தடவை வந்துவிட்டது. வந்ததை ரசிக்க நேரமில்லை. அரைநூல் ஓடி வந்து வலப்பக்கக் குழாயைத் திறந்து, வால்வைக் கால் சுற்றுத் திருப்பினார். கண்ணில் நீர் வந்தது. நீராவிதான்.

வெளியே தார்ப்பாயின் இடுக்கிலெல்லாம் வெள்ளைப் புகை கிளம்ப, கூட்டம் எழுந்தது. “அமைதி, அமைதி! இது போர்க்களக் காட்சி” என்று மைக்கில் சமாளித்தார் செயலாளர். கூட்டம் கைதட்டியது.

மாமனார் பேண்ட்டை இஸ்திரிப் பலகையில் விரித்து, நீராவி இஸ்திரிப் பெட்டியால் இரண்டு இழுப்பு இழுத்தார். தூக்கிப் பிடித்தார். முகத்தைச் சுளித்தார்.

“இந்த இருட்டுல கறை போச்சா இல்லையான்னு எப்படிப் பாக்கறது? வெளிச்சத்துலதான் தெரியும்.”

“மாமா, வேணாம்…” என்றார் அரைநூல்.

பன்னிரண்டு முடிச்சும் அவர் கட்டியவை. எந்த நுனியை இழுத்தால் எல்லாம் அவிழும் என்று அவருக்குத்தான் தெரியும். இழுத்தார். அவிழ்ந்த தார்ப்பாயைச் சுருட்டி மேலே எறிந்தார். மேடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை படைவீரர்களுக்கும், அவர்கள் வீட்டாருக்கும் எதிரே, ‘நடமாடும் சலவைப் பிரிவு – 4’ என்ற எழுத்து வெயிலில் மின்னியது. அதற்கு மேலே டிரம். பாய்லர். பதக்கம் அணிந்த தளபதி, இடுப்பில் ஒரு துண்டோடு. நடுவில் மாமனார், பேண்ட்டைச் சூரியனுக்கு நேரே பிடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டதுபோல நூல் நூலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தை அவர் பார்க்கவே இல்லை. “போச்சு” என்றார், திருப்தியாக. பிறகுதான் தலையை நிமிர்த்தினார்.

அப்போதும் அவர் சாதுரியமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். சமையல் என்றிருக்கலாம். கூட்டத்தில் மகள் நின்றிருந்தாள். அவளைப் பார்த்தார், கையிலிருந்த பேண்ட்டைப் பார்த்தார். அதில் ஒரு புள்ளி கறை இல்லை. பொய் சொல்லி அதை இன்னொருவன் வேலையாக்க அவருக்கு மனம் வரவில்லை போலும்.

“எந்தப் பிரிவு?” என்று துண்டைப் பிடித்தபடி கேட்டார் தளபதி.

மாமனார் விறைத்து நின்றார். “நாலாவது சலவைப் பிரிவு. ஏழு வருஷம்.”

“நாங்க மூணு மாசம் பதுங்குகுழியில இருந்தோம்” என்றார் தளபதி, பேண்ட்டை வாங்கிக்கொண்டே. “ஒரு தடவைதான் துவைச்ச சட்டை வந்தது. அன்னிக்கு நான் அழுதேன். இத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.” செயலாளர் கையோடு கொண்டுவந்திருந்த மைக் அணைந்திருக்கவில்லை என்பதால் ஊருக்கே சொன்னதாயிற்று.

சங்கத்தில் ஒரு வாரம் சிரித்தார்கள். அடுத்த வாரம் ஒருவர் தன் சீருடையில் இருந்த மைக்கறையோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். அப்புறம் இன்னொருவர். இருநூறு அடித் தூரத்து எதிரி போனவன் போனவன்தான். அவனுடைய இடத்துக்கு இப்போது வேறு கதை வந்திருக்கிறது: ஒருநாள் அறுநூறு சட்டையைத் துவைத்து மேட்டில் கொடிகட்டிக் காயப்போட்டார்களாம். காற்றில் அது ஆடியதைத் தூரத்திலிருந்து பார்த்த எதிரி, ஒரு பட்டாளமே நிற்கிறது என்று திரும்பிப் போய்விட்டானாம். போன வாரம் அது எண்ணூறு சட்டை. வெர்னியரால் அளக்க முடியாத விஷயம் என்பதால் அரைநூல் கருத்து ஏதும் சொல்வதில்லை.

மாப்ளே என்ற சொல் நிலைத்துவிட்டது. சுத்தியலால் அடிக்காமல், தானாகவே உட்கார்ந்தது. இப்போதெல்லாம் தினமும் காலையில், ஷெட்டுக்குக் கிளம்பும் அரைநூலை மாமனார் வாசலில் நிறுத்திக் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறார்.

“என்ன மாப்ளே, இதுக்குப் பேரு காலரா? கழட்டுங்க.”

அரைநூல் கழற்றுகிறார். அன்றாடம் அரைமணி நேரம் தாமதமாகத்தான் வேலைக்குப் போகிறார்.